கோஜி அறையில் ஒரு சட்டி மா

ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் தை மாதப் பனி ஒருவரையும் கேட்டுக்கொண்டு கொட்டுவதில்லை. விடியச் சன்னலைத் திறந்தால் ரோட்டைக் காணோம், காரைக் காணோம், வேலியைக் காணோம். வண்டு அரித்துச் செத்துப்போன ஊசியிலை மரங்கள்தான் சரிவு முழுக்க மொட்டை மொட்டையாக நிற்கும். இப்படியொரு இடத்தில் யாழ்ப்பாணத்து மனுசி ஒருத்தி வந்திருந்து துணி துவைக்கிறாள் என்றால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? பாவம், பெரிய கஷ்டகாலம் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். டுசல்டோர்ஃப் கோயிலில் அப்படித்தான் கதைத்தார்கள். கமலநாயகி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் இருந்தது சம்பந்தி வீட்டில். முன்பு மரம் அரியும் ஆலையாக இருந்த கல் கட்டடம் ஒன்றில் மொரிட்டா குடும்பத்தார் சாக்கே வடித்துக்கொண்டிருந்தார்கள். சாக்கே என்றால் ஜப்பான்காரர் அரிசியில் செய்கிற மது. ஆலையை ஒட்டினாற்போல வீடு. வீட்டில் நான்கே பேர். கிழவர் மொரிட்டா, அவருடைய மகன் கென்ஜி, கென்ஜியின் மனைவி தக்சாயினி, தக்சாயினியின் தாய் கமலநாயகி. “போயும் போயும் சாராயம் காய்ச்சுறவைக்கோ பொம்பிளைப் பிள்ளையைக் குடுத்தனீங்கள்?” என்று கலியாண வீட்டில் வைத்தே கேட்ட சொந்தக்காரர் உண்டு. அவர்கள் வாய்க்கு ஆர் பூட்டுப் போடுவது.

ஆனால் இந்தச் சம்பந்தம் திடீரென்று வந்ததல்ல. கமலநாயகியின் புருஷன் தம்பித்துரை அகதியாக ஜெர்மனிக்கு வந்து முதன்முதல் வேலைக்குப் போனது டுசல்டோர்ஃப் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடை. அங்கே இவர் சட்டி கழுவினார், மொரிட்டா சமைத்தார். இரண்டு பேருக்கும் ஜெர்மன் அரைகுறை. அந்த அரைகுறை ஜெர்மனிலேயே ஊர்க்கதை, வீட்டுக்கதை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். மொரிட்டாவின் தகப்பன், பாட்டன் எல்லாரும் ஜப்பானில் ஏதோ மலையடிவாரத்தில் சாக்கே வடித்தவர்கள். இவர் இரண்டாவது மகன், ஆலை தமையனுக்குப் போய்விட்டது. எனக்கென்று ஒரு மலையும் நல்ல தண்ணீரும் கிடைத்தால் நானும் வடிப்பேன் என்று கத்தியும் கையுமாக நின்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

அந்தத் தண்ணீரைத் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்த அலைச்சலைக் கமலநாயகி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஒரு பழைய ஓப்பல் கார். முன்னுக்கு மொரிட்டாவும் தம்பித்துரையும். பின்னுக்கு கமலநாயகி, இரண்டு பக்கமும் கென்ஜியும் தக்சாயினியும், மடியில் கட்டுச்சாதம். மலை கண்ட இடத்தில் கார் நிற்கும். ஊற்றோ குழாயோ, ஆண்கள் இருவரும் இறங்கி ஒரு மிடறு குடித்து, வாய்க்குள் உருட்டி, ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பார்கள். பிறகு பேசாமல் வந்து ஏறுவார்கள். ஊரில் சுண்ணாம்புத் தண்ணிக் கிணற்றோடு வளர்ந்த தம்பித்துரைக்குத் தண்ணீர் விஷயத்தில் நாக்கு பொல்லாதது. ஹார்ட்ஸ் மலையில், இந்த மரஆலைக்குப் பின்னால் பாறைக்குள்ளிருந்து ஓடி வந்த தண்ணீரைக் குடித்தபோதுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க மறந்து திரும்பவும் கைகளை நீட்டினார்கள். “அண்ணை, இது நல்லதண்ணி” என்று தம்பித்துரை தமிழிலேயே சொன்னார். மொரிட்டாவுக்கு அது விளங்கிவிட்டது.

அப்படி உண்டான ஆலை இது. அந்தக் காலம் போனது போனதுதான். மொரிட்டாவின் மனைவி முதலில் போனாள். போன வருஷத்துக்கு முந்தின தையில் தம்பித்துரை போனார். தனிய ஒரு பிளாட்டில் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று மகள்தான் தாயை இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள்.

வந்த இடத்தில் கமலநாயகி சும்மா இருக்கவில்லை. அரிசி அவிக்கிற துணி, மூடுகிற துணி, வடிகட்டுகிற துணி எல்லாவற்றையும் வாசனைச் சவர்க்காரம் படாமல் கொதிநீரில் போட்டு எடுத்து, அலசி, காயவைத்து, மடித்துக் கொடுப்பது அவள் வேலை. விடிய அரிசி வேகும் ஆவி கட்டடம் முழுக்கப் பரவும்போது, சுடச்சுடத் துணி கேட்டு மகள் குரல் கொடுப்பாள். இவள் ஓடுவாள். புருஷன் போனபிறகு தன்னை ஒருவர் அவசரமாகக் கூப்பிடுவது அவளுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஐப்பசியில் முதல் அரிசி அவித்த நாளிலிருந்து பங்குனியில் கடைசிச் சாக்கே வடிந்து முடியும்வரை வீட்டில் ஒருவரும் தயிர் தொடக்கூடாது. தோசை மா, இட்டலி மா கூடாது. ஜப்பான்காரர் உயிராய்ச் சாப்பிடுகிற நாத்தோ என்ற புளித்த சோயாப் பயறு, நூல் நூலாய் இழுபடும், அதுவும் கூடாது. காரணம் கோஜி. அவித்த அரிசியில் ஒருவகைப் பூஞ்சணத்தைத் தூவி, பலகை அடித்த சூடான அறையில் இரண்டு நாள் வைத்தால், அரிசி வெள்ளை மயிர் போர்த்தி இனிப்பு மணம் பிடிக்கும். அதுதான் கோஜி. அது இல்லாமல் சாக்கே இல்லை. பச்சைப் பிள்ளை மாதிரி அது. புளிக்க வைக்கிற வேறு எந்தக் கிருமி உள்ளே வந்தாலும் அரிசி அதன் பக்கம் போய்விடும். மொரிட்டா நாத்தோ இல்லாமல் குளிர்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார், ஆனால் தொடமாட்டார்.

இத்தனை வருஷம் கோஜி அறை அவர் கையில் இருந்தது. இந்தக் குளிர்காலம்தான், வயதாகிவிட்டது என்று சொல்லி, அறையைத் தக்சாயினியிடம் விட்டார். டுசல்டோர்ஃப் பியர் ஆலை ஒன்றில் ஆஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தவள் அவள். கென்ஜிக்குச் சாக்கே புளிக்கிற தொட்டிகள், இவளுக்கு அறை. இப்போது உள்ளே இருந்தது அவளுடைய பெரிய கோஜி. மொரிட்டாவின் ஊரிலிருந்து வந்த அரிசியில், வருஷத்தில் ஒரே தரம் வடிக்கிற சாக்கேக்கான கோஜி. அது சரிவந்தால் அறை இனி அவளுடையது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தம்பித்துரையின் திவசம் வந்தது.

“அம்மா, இந்த முறை டுசல்டோர்ஃப் போகேலாது” என்றாள் தக்சாயினி. “அரிசி உள்ளுக்குப் போட்டுது. நான் அறையை விட்டு அசையேலாது. ரோட்டும் மூடிக் கிடக்கு.”

“அதுக்கென்ன பிள்ளை, இஞ்சயே படைப்பம்.”

“சோறு கறி வையுங்கோ. வடையும் சுடுங்கோ. தோசை மட்டும் வேண்டாம். பங்குனி முடியச் சுட்டு வைப்பம். அப்பா கோவிக்கமாட்டார்.”

கமலநாயகி தலையாட்டினாள். அப்பா கோவிக்கமாட்டார் என்று அவளுக்கும் தெரியும். அந்த மனுசன் கோவித்ததே கிடையாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் வாய்திறந்து கேட்டது தோசை. மஞ்சள் போட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டின எங்கடை தோசை. வைத்தியர் தண்ணீராகாரம்தான் என்று சொல்லியிருந்தபடியால், வீட்டை வாங்கோ சுட்டுத் தாறன் என்று இவள் சொன்னாள். அவர் வீட்டுக்கு வரவில்லை. திவசத்திலாவது அதை அவர் முன்னால் வைக்காவிட்டால் தான் என்ன பெண்சாதி என்று அவள் மனம் அறுத்துக்கொண்டே இருந்தது.

வடைக்கு என்று உளுந்து ஊறப்போட்டாள். ஆரும் சந்தேகப்படவில்லை. எல்லாரும் ஆலைக்குள் நின்ற நேரத்தில் அதில் பாதியை வெந்தயத்தோடு தனியாக அரைத்து, கோதுமை மாக் கலந்து, கையாலேயே அளைந்து, மூடிபோட்ட சட்டியில் ஊற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். கையை மட்டும் சுடுதண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒரு வாய் தானும் தின்னப்போவதில்லை, படைத்துவிட்டுக் காட்டில் கொண்டுபோய்ப் போடுவது என்பது அவள் கணக்கு.

மறுநாள் விடியப் பார்த்தால் மா அசையவில்லை. கல்லுப்போலக் கிடந்தது. அந்தக் கல்வீட்டுக் குளிரில் எது புளிக்கும்? முந்தின காலத்து அவண் அடுப்பில் உள்ளே ஒரு மஞ்சள் பல்ப் எரியும். அதைப் போட்டுவிட்டு மாவை உள்ளே வைத்தால் ஜெர்மனி முழுக்க எங்கள் சனத்துக்கு மா பொங்கியது. இந்த வீட்டு அவணில் புதுமாதிரி விளக்கு, வெளிச்சம் உண்டு, சூடு இல்லை. ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கலாமென்றால் அதற்குப் பக்கத்தில்தான் மொரிட்டாவின் கதிரை.

மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு கோஜி அறைக்குப் போனபோதுதான், கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டில் அந்த எண்ணம் வந்தது. எங்கடை ஊர்ச் சித்திரை மாதத்து வெக்கை மாதிரி ஒரு சூடு. தின்னத்தானே தடை என்று யோசித்தாள். மூடி இறுக்கமாக இருக்கிறது, துவாயால் சுற்றிக் கட்டினால் எந்தக் கிருமி எங்கே போகப்போகிறது? பின்னேரம் எடுத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. தக்சாயினி விடியற்காலையில் தட்டுகளில் இருந்த அரிசியைக் கிளறி முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தாள். கமலநாயகி சட்டியைக் கொண்டுவந்து, அடித்தட்டுக்குக் கீழே மூலையில், துணி அடுக்குக்குப் பின்னால் தள்ளினாள்.

தக்சாயினி அதற்குப் பிறகு வந்து அரிசியைக் கிளறிவிட்டும் போனாள். சட்டி அவள் கண்ணில் படவில்லை.

பின்னேரம் கமலநாயகி கதவைத் திறந்தாள். மணம் அவளை அப்படியே பிடித்து நிறுத்தியது. புளித்த உளுந்து மணம். குனிந்து பார்த்தால், சொன்னால் நம்பமாட்டீர்கள், மா பொங்கி மூடியைத் தூக்கி, துவாயை நனைத்து, நுரைத்துக்கொண்டு நிற்கிறது. நாற்பது வருஷ ஜெர்மனி வாழ்க்கையில் அவளுக்கு இப்படி ஒரு மா பொங்கியது கிடையாது.

“இஞ்சாருங்கோ” என்று அவள் வாய் தன்பாட்டில் கூப்பிட்டது. “இஞ்ச வந்து பாருங்கோ.”

கூப்பிட்ட பிறகுதான் கூப்பிட ஆளில்லை என்பது உறைத்தது. அகதிகள் இருந்த ஹைம் என்கிற விடுதியில் ஒற்றை அறை. முதல் குளிர்காலம். மா புளிக்கவில்லை என்று இவள் மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தபோது, தம்பித்துரை தன்னுடைய கோட்டைக் கழற்றிச் சட்டியைச் சுற்றி, அதற்கு மேல் போர்வையும் போட்டு, பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல ஹீட்டரோடு வைத்தார். மாவுக்குக் குளிருமாம், மனுசனுக்குக் குளிராதாம் என்று இவள் பேசினாள். இரண்டு நாள் கழித்து அது ஒரு விரல் பொங்கியது. அந்த ஒரு விரலுக்கு இரண்டு பேரும் சட்டியைச் சுற்றி நின்று சிரித்த சிரிப்பு! கமலநாயகி கோஜி அறைத் தரையில் குந்தியிருந்து கொஞ்சநேரம் அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள்.

கண்ணைத் துடைத்தபோதுதான் கண்டாள். மா சட்டிக்கு வெளியே ஒழுகி, பலகைத் தரையில் ஓடி, அடித்தட்டின் காலை நனைத்திருந்தது. மேலே தட்டு தட்டாக மகளின் கோஜி. கையில் கிடைத்த துணியால் அவசரம் அவசரமாகத் துடைத்தாள். துடைத்த பிறகு பார்த்தால் அது கோஜியை மூடுவதற்கு வைத்திருந்த துணி. சட்டியையும் துணியையும் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஒருவரும் காணவில்லை.

இருட்டுப்படும் நேரம் எல்லாரும் குசினி மேசையில் இருந்தார்கள். தக்சாயினி ஒரு சிறு கிண்ணத்தில் கொஞ்சம் கோஜி கொண்டுவந்து மாமனார் முன்னால் வைத்தாள். மொரிட்டா நாலைந்து அரிசியை எடுத்து வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடினார். பிறகு, தன் தமையன் ஆலையில்கூட இப்படி ஒன்று அமைவது அருமை என்றார். மொரிட்டா பேசுவது ஜெர்மன்தான், ஆனால் பழகிய பழக்கத்தில் கமலநாயகிக்கு அது தமிழாகவே விளங்கும். நாளைக்குத் தொட்டியில் சேர்க்கலாம் என்று கென்ஜியும் சொன்னான். மகளின் முகம் சிறு பிள்ளையில் ஓப்பல் காரின் சன்னலோரத்தில் இருந்த முகமாக மாறியிருந்தது. கமலநாயகி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மகள் கோப்பை கழுவ எழும்பினபோது பின்னாலேயே போய், பின்கட்டுக் குழாயடியில் வைத்துச் சொன்னாள். சட்டியை எங்கே வைத்தாள், ஏன் வைத்தாள் எல்லாம் சொன்னாள். தக்சாயினி குழாயை மூடினாள்.

“பொங்கி வழிஞ்சதோ?”

“ஓம்.”

“தரையிலயோ?”

“தரையில. தட்டுக் காலிலயும் கொஞ்சம் பட்டுது. துடைச்சுப்போட்டன் பிள்ளை.”

“எதால துடைச்சனீங்கள்?”

கமலநாயகி கொடியில் காய்ந்துகொண்டிருந்த கோஜித் துணிகளைப் பார்த்தாள். மகளுக்கு விளங்கிவிட்டது.

“பிள்ளை, ஒருத்தரும் காணேல்லை” என்றாள் தாய், குரலைத் தாழ்த்தி. “மொரிட்டா அண்ணை தின்னு பாத்துத்தானே நல்லமெண்டவர். அது ஒண்டும் செய்யாது. நான் வாய் துறக்கமாட்டன். இவ்வளவு பாடுபட்டு உன்ர கைக்கு வந்த அறை. என்ர விசர்த்தனத்தால அதைப் போக விடாதை.”

தக்சாயினி ஈரக் கையைத் துடைத்தாள்.

“கெடாமலும் இருக்கும் அம்மா. தெரியாது. தெரியாததைத் தொட்டிக்குள்ள போடேலாது.”

அவ்வளவுதான் சொன்னாள். நேராக ஆலைக்குள் போனாள். கொஞ்சநேரத்தில் முதல் தட்டு வெளியே வந்தது. ஆலைக்குப் பின்னால் பனிக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அடுத்த தட்டு. அதற்கு அடுத்தது. வெள்ளையோடு வெள்ளையாகக் கலந்து எது அரிசி, எது பனி என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு கென்ஜி ஓடிவந்தான், அவளுக்கு என்ன பிடித்தது என்று கத்தினான். அவள் நிற்கவில்லை. கமலநாயகி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள், நான்தான் நான்தான் என்று மருமகனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மொரிட்டா தடியை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்தார். தக்சாயினி தட்டைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கிழவர் குனிந்து பனியிலிருந்து ஒரு பிடியை அள்ளி மோந்து பார்த்தார்.

“இது பிழைத்திருக்கவும் கூடும்” என்றார்.

“ஓம் மாமா. கூடும்.”

“யாரைக் கேட்டுக் கொட்டினாய்?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை.”

அவர் கையை உதறிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். அந்த முதுகைப் பார்த்து, மகளுடைய அறை போய்விட்டது என்று கமலநாயகி முடிவு கட்டிவிட்டாள்.

மறுநாள் திவசம். விடியத்திலிருந்து தக்சாயினியும் கென்ஜியும் கொதிநீரும் தும்புத்தூரிகையுமாக அறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கமலநாயகி கறி காய்ச்சி, வடை சுட்டு, புருஷனின் படத்துக்கு விளக்கேற்றி வைத்தாள். பிறகு மாச் சட்டியை எடுத்துக் கோப்பை கழுவும் தொட்டிக்குள் கவிழ்க்கப் போனாள். பின்னால் மொரிட்டா நின்றுகொண்டிருந்தார்.

“ஏன் ஊற்றுகிறாய்? கோஜி இல்லாத வீட்டில் என்ன தடை? அறை கழுவிக் காய்ந்து, அடுத்த அரிசி அவிக்கும்வரை நாங்கள் சாதாரண மனுசர்.”

சொல்லிவிட்டு ஃபிரீசரைத் திறந்து, அடியிலிருந்து, மீன் பொட்டலங்களுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த நாத்தோப் பெட்டி ஒன்றை வெளியே எடுத்தார். கமலநாயகி வாயைப் பிளந்து பார்த்தாள். தின்னத்தான் தடை, வைத்திருக்கத் தடையில்லை என்றார் கிழவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவள் தோசை சுட்டாள். மஞ்சள் நிறத்தில், ஓட்டை ஓட்டையாக, பஞ்சு பஞ்சாக எழும்பி வந்தது. முதல் மூன்றையும் சம்பலோடு படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். மொரிட்டாவும் கைகூப்பி நின்றார். பிறகு மேசையில் இருந்து, தோசையில் நாத்தோவைக் கொட்டிச் சுருட்டி, நூல் இழுபட இழுபடத் தின்றார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் அவர் தின்னத் தின்ன அவளுக்கு வயிறு நிறைந்தது.

“அந்த முதல் குளிர்காலம் தம்பித்துரை கோட் இல்லாமல்தான் வேலைக்கு வருவான்” என்றார் மொரிட்டா. “உதடு நீலமாக இருக்கும். கோட் எங்கே என்று கேட்டால், வீட்டில் என் மனுசியின் மா போட்டுக்கொண்டிருக்கிறது என்பான். நான் பகிடி என்று நினைத்தேன்.”

கடையில் தடித்த ஜாக்கெட் ஒன்று தருகிறார்கள், போய்வரப் போதும் என்றுதான் தம்பித்துரை கமலநாயகியிடம் சொல்லியிருந்தார். தந்தார்களாம் ஜாக்கெட்! இத்தனை வருஷம் கூட இருந்து, அதை இவளுக்குச் சொல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கிறது மனுசன். கல்லில் கிடந்த தோசை கருகியது. அவள் கவனிக்கவில்லை.

தக்சாயினி வந்தபோது, அவளுக்கு முன்னமே வந்த கென்ஜியும் மற்றவர்களும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். கை சிவந்து வெடித்திருந்தது. தகப்பனின் படத்தைக் கும்பிட்டுவிட்டு வந்து, தட்டிலிருந்த தோசைகளைத் தின்றாள். ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுத் தாயின் முகத்தை நேரே பார்த்தாள்.

“அம்மா, இனி நீங்கள் ஆலைக்குள்ள வரக்கூடாது. துணியை நான் பாப்பன்.”

“இந்த மாசமோ பிள்ளை?”

“இல்லை. எப்பவும்தான். கோடையிலயும் வரேலாது.”

அந்தத் துணி வேலைதானே அவளைக் காலையில் எழுப்புவது. கென்ஜி மனைவியின் தோளைத் தொட்டான். மொரிட்டாவே குறுக்கிட்டு, பாவம், துணியாவது துவைக்கட்டுமே, வாசலோடு நிற்கட்டுமே என்றார். தக்சாயினி அவரிடமும் தலையை ஆட்டினாள்.

“இல்லை மாமா. ஏலாது.”

கிழவர் தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஊரிலிருந்து வந்த அரிசியில் மிச்சம் கிடப்பது கொஞ்சம்தான், அதில் எவ்வளவு ஊறப்போடுவது, எப்போது ஊறப்போடுவது என்று இனி நீ சொன்னால் சரி, யாரையும் கேட்கவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். தக்சாயினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். முதல் தடவையாக விம்மினாள். கென்ஜி அவளைக் கூட்டிக்கொண்டு போனான். அறை இன்னும் பாதிதான் கழுவியிருந்தது.

கமலநாயகி தனியாக நின்றாள். கண்ணீர் வடிய வடியக் கோப்பைகளை அடுக்கினாள். விளக்குக்கு எண்ணெய் விட்டாள். பிறகு புருஷனின் படத்தண்டைக்குப் போனாள்.

“கேட்டியளே” என்றாள். “உங்கட மகள் என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டாள்.”

சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.